வெயில் சீமையில் ஒரு கணப்பு

சேலம், நாமக்கல் சமவெளியில் மாசி மாதம் கழிந்துவிட்டால், வெளியில் நிறுத்தியிருந்த மோட்டார் வண்டியின் கதவுப் பிடியைத் தொடுவதற்கே கையில் ஒரு துண்டு வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட சீமையில் ஒருவர் தம்முடைய பழைய காரின் ஹீட்டரைப் பழுது பார்க்க வேண்டுமென்று பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினாரென்றால், கேட்பவர்கள் சிரிக்காமல் வேறென்ன செய்வார்கள்? அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு விசிறியைத் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். அங்கே உட்கார்ந்துகொண்டு இன்னும் இரண்டு விறகு கேட்பவரைப் பார்த்ததில்லை.

ஆனால் சிரிப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. குளிர் நாட்டில் ஹீட்டர் கெட்டுவிட்டது என்றால் சூடு வரவில்லை என்று பொருள். நம் பக்கத்தில் ஹீட்டர் கெட்டுவிட்டது என்றால் சூடு நிற்கவில்லை என்று பொருள். சித்திரை மாதத்து நடுப்பகலில், மேலே தகடு காய, கீழே தார் ரோடு காய, இரண்டுக்கும் நடுவில் காலடியிலே ஒரு குமுட்டி ஓயாமல் எரிந்துகொண்டிருந்தால் எப்படியிருக்கும் என்று நேயர்களே யோசித்துக்கொள்ளலாம். நம் நண்பர் ஒருவருடைய ஆஸ்டின் காரில் மூன்று கோடைக் காலம் இந்த நிலைமைதான் இருந்தது. அதைத் தீர்ப்பதற்கு டாஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டியதாயிற்று. அந்தக் காரியத்தை நாம் அருகிலிருந்து பார்த்தோம். பழைய யந்திரங்களை வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் ஹீட்டர் என்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர், ஓடுகிற வண்டியில் ஏறக்குறைய 80 முதல் 90 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் இருக்கிறது. முன்புறமுள்ள ரேடியேட்டரில் காற்றுப் பட்டு அந்த உஷ்ணம் வெளியே போகிறது. இந்த நீரில் ஒரு பங்கை ரப்பர்க் குழாய் வழியாக வண்டிக்குள்ளே கொண்டுவந்து, டாஷ்போர்டுக்குப் பின்னால் அகராதிப் புத்தகம் அளவில் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டரில் விட்டு, அதன் மேல் ஒரு சிறு மின்விசிறியால் காற்றை ஊதச் செய்தால் அதுவே ஹீட்டர். தனியாக நெருப்பும் இல்லை, தனியாக விறகும் இல்லை. எஞ்சின் எப்படியும் தெருவில் கொட்டப் போகிற உஷ்ணத்தில் கொஞ்சத்தை உள்ளே இருப்பவர்களுக்குக் கொடுக்கிறது. அவ்வளவுதான்.

இதைக் கட்டுப்படுத்துவதற்கு இரண்டு சாதனங்கள் உண்டு. நீரை விடவும் நிறுத்தவும் ஒரு வால்வு. காற்றைக் காலுக்கோ முன் கண்ணாடிக்கோ திருப்புவதற்குச் சிறு தகட்டுக் கதவுகள். பழைய வண்டிகள் சிலவற்றில் வால்வு எஞ்சின் தலையிலேயே இருக்கும். குளிர்காலம் வந்தால் பானெட்டைத் தூக்கிக் கையால் திறந்துவிட வேண்டும். கோடை வந்தால் மூடிவிட வேண்டும். பின்னால் வந்த வண்டிகளில் ஓட்டுகிறவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே அசைக்கும்படி டாஷ்போர்டில் ஒரு நெம்புகோலை வைத்து, அதற்கும் வால்வுக்கும் இடையே கம்பிக் கேபிள் ஒன்றை ஓட்டினார்கள். சுருள் உறைக்குள் கம்பி ஓடும் இந்தக் கேபிளுக்கு 1896-ல் உரிமை பெற்றவர் பௌடன் என்பவர். வெயிலில் குழந்தைகள் ஓட்டும் சைக்கிளின் பிரேக்கிலிருந்து ஸ்கூட்டரின் கிளச் வரையில் இன்றைக்கும் அவருடைய கேபிள்தான். இந்தக் கேபிளே நம் கதைக்கு நாயகன்; வில்லனும் அதுவே.

ஆஸ்டின் வண்டி நம் ராஜதானிக்குப் புதியதல்ல. 1948-ல் ரகுநந்தன் சரண் என்பவர் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் கம்பெனி, சென்னைக்கு அடுத்த எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டி 1949-ல் முதல் வண்டியை வெளியே விட்டது. சுதந்திரம் வந்து இரண்டே வருஷத்தில் நம் கடற்கரையில் கார் பூட்டினார்கள் என்பது அந்நாளில் சாதாரணச் செய்தி அல்ல. அதே கம்பெனிதான் 1955-ல் அசோக் லேலண்டு என்று பெயர் மாற்றிக்கொண்டு லாரிக்கும் பஸ்ஸுக்கும் போய்விட்டது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ரஸ்தாக்களில் அந்த லாரிகளை எண்ணி முடியாது.

நம் நண்பருடைய வண்டி எண்ணூரில் பூட்டியதல்ல, இங்கிலாந்திலேயே செய்தது. 1950-களின் இறுதியைச் சேர்ந்தது. அக்காலத்தில் அந்த நாட்டுக் கார்கள் பலவற்றுக்கு ஹீட்டர் தனிக் காசு கொடுத்து வாங்கும் சாமானாகவே இருந்தது. இந்த வண்டியின் முதல் சொந்தக்காரர் ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருந்தவராம். ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் மார்கழி மாதத்துப் பனியில் விடியற்காலையில் தோட்டத்தைச் சுற்றி வருகிறவர் தனிக் காசு கொடுத்ததில் ஆச்சரியமில்லை. பிறகு வண்டி மலையிறங்கிச் சேலத்துக்கு வந்தது. ஹீட்டரும் கூடவே வந்துவிட்டது.

கோளாறு இதுதான். நெம்புகோலை இழுத்தால் வால்வு திறக்கும், தள்ளினால் மூடாது. இரண்டு பட்டறைக்காரர்கள் பார்த்துவிட்டு ஒரே யோசனை சொன்னார்கள்: ஹீட்டருக்குப் போகும் குழாயையும் வரும் குழாயையும் ஒன்றாகச் சேர்த்துக் கிளிப் போட்டுவிடுவது, குட்டி ரேடியேட்டரைப் பழைய பித்தளைக்குப் போட்டுவிடுவது. நண்பரின் குமாரன் பெங்களூரில் உத்தியோகம் பார்க்கிற இளைஞன். அவனுக்கும் அதே அபிப்பிராயம். நண்பருக்கு மட்டும் மனம் வரவில்லை. அறுபது வருஷத்துக்கு மேல் ஒன்றாயிருந்த சாமான்களில் ஒன்றைப் பிடுங்குவதற்குத் தமக்கு உரிமை உண்டா என்று அவர் கேட்டார். பிள்ளையோ, தகப்பனாருக்கு எழுபத்திரண்டு வயதில் உள்ளங்கால் வெந்துகொண்டிருப்பதைப் பார்த்துச் சகிக்க முடியவில்லை என்றான். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் வீட்டில் இரண்டு மாதம் அந்தப் பேச்சே எடுக்கப்படாமல் இருந்தது.

கடைசியில் வண்டி நாமக்கல்லுக்குப் போயிற்று. லாரிக்குப் பாடி கட்டும் ஊருக்குக் காரை ஏன் கொண்டுபோக வேண்டும் என்று கேட்கலாம். நெடுங்காலமாக லாரிக் கம்பெனிகள் சேஸிஸையும் எஞ்சினையும் மட்டுமே அனுப்பிவைத்தன. ஓட்டி உட்காரும் அறை, ஆசனம், கதவு, டாஷ்போர்டு எல்லாவற்றையும் நாமக்கல் பட்டறைகளிலேதான் மரத்தாலும் தகட்டாலும் செய்தார்கள். ஒரு டாஷ்போர்டைக் கண்டு அஞ்சாதவர்கள் இந்த ஜில்லாவில் இருப்பார்களானால், வெறும் சட்டத்தின் மேல் டாஷ்போர்டுகளை உண்டாக்கிப் பழகிய அவர்களே. இப்போது கம்பெனியிலேயே கட்டிய அறைகள் வருகின்றன. 2025-ஆம் வருஷம் அக்டோபர் முதல் செய்யப்படும் பெரிய லாரிகளில் ஓட்டியின் அறைக்குக் குளிர்சாதனம் இருந்தே தீர வேண்டுமென்று சட்டமும் வந்துவிட்டது. எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாடெங்கும் வெந்துபோன மனிதர்களுக்கு இது காலங்கடந்த நீதி. ஆனால் கையால் கட்டத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

மேஸ்திரிக்கு வயது எழுபதை நெருங்குகிறது. இளமையில் லாரி ஓட்டினவர். குமாரன் அவரிடமும் தன் கட்சியைச் சொல்லிப் பார்த்தான்.

“எதுக்குங்க மேஸ்திரி இத்தனை பாடு? இரண்டு குழாயையும் சேர்த்துவிட்டால் ஆயிற்று.”

“சேர்க்கறது அரை மணி வேலைங்க தம்பி. நான் ஜம்முவுக்கு லோடு போனவன். பனிஹால் கிட்டக்கத் தை மாசத்துலே விடியக்காலம் கண்ணாடி மேலே பனி ஒறைஞ்சு கெடக்கும். எங்க லாரியிலே இதெல்லாம் ஏதுங்க? எஞ்சின் மூடியைத் தொறந்து வெச்சுக்கிட்டுக் காலை நீட்டிக்குவோம். அது கெடக்கட்டும், இந்த வண்டியிலே அப்பாவை ஏற்காட்டுக்குக் கூட்டிப் போவீங்களா, மாட்டீங்களா?”

“போவோம்.”

“அப்போ இருக்கட்டுங்க.”

இந்தச் சுருக்கமான பேச்சில் இருந்த சாஸ்திரத்தைப் பையனுக்கு விளங்கவைக்கும் வேலை வாத்தியாராகிய நம் தலையில் விழுந்தது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டையூசி வளைவுகள். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70. இரண்டாவது கியரில் ஊர்ந்து ஏறும்போது எஞ்சின் முழு மூச்சாக உழைக்கிறது. வண்டியின் வேகம் குறைவானபடியால் ரேடியேட்டரில் படும் காற்றோ குறைவு. போதாக்குறைக்கு, உயரம் ஏற ஏற நீர் கொதிக்கும் நிலை இறங்குகிறது. ஏற்காட்டின் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் நீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரின் அழுத்த மூடி இதை ஓரளவு சரிக்கட்டும். ஆனால் ஐம்பது வருஷத்து மூடியின் சுருள்வில்லை யார் நம்புவது? இந்தச் சமயத்தில் ஊசி சிவப்பை நோக்கிப் போகுமானால், ஹீட்டரை முழுவதும் திறந்து விசிறியைப் போட்டு, கண்ணாடிகளை இறக்கிவிட வேண்டும். அந்தக் குட்டி ரேடியேட்டர் பெரிய ரேடியேட்டருக்குத் துணை நிற்கும். உள்ளே இருப்பவர்களுக்குப் பத்து நிமிஷம் வேர்க்கும், எஞ்சின் பிழைக்கும். மேலே போய்ச் சேர்ந்த பிறகு மூடுபனியில் முன் கண்ணாடி உட்புறம் மங்கும்போது அதைத் தெளிவிப்பதற்கும் அதே சூடான காற்றுதான் வேண்டும். சூடான காற்று ஈரத்தை அதிகமாக வாங்கிக்கொள்ளும் என்பதை நாம் எட்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். கொல்லிமலைச் சாலையில் ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறு கையால் வளைவு திருப்புகிறவர்கள் அந்தப் பாடத்தன்று வகுப்புக்கு வராதவர்கள் போலும்.

பையன் மறுபேச்சுப் பேசவில்லை. தன் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தயாரானான். அது உண்மையில் மிகவும் வேண்டியிருந்த காரியம்.

டாஷ்போர்டு என்ற பெயரே குதிரை வண்டிக் காலத்துப் பெயர். குதிரையின் குளம்பு வாரியடிக்கும் சேறு வண்டிக்காரன் மேல் படாதபடி முன்னால் நிறுத்திய பலகைக்கு அந்தப் பெயர் இருந்தது. மோட்டார் வந்தபின் அந்தப் பலகையின் முகத்தில் கடிகாரங்களையும் திருகுகளையும் வைத்தார்கள். முதுகில் கம்பிகளை மறைத்தார்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டு ஐம்பது வருஷம் ஓட்டுகிறவருக்கு முதுகு எப்படியிருக்கும் என்பது தெரியாது.

மேஸ்திரி முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றினார். இங்கே ஒரு எச்சரிக்கை. இன்றைய வண்டிகளில் பேட்டரியின் நெகடிவ் முனை வண்டியின் உடலோடு சேர்ந்திருக்கிறது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனையே அப்படிச் சேர்ந்திருக்கும். இதை அறியாமல் புதிய ரேடியோவைப் பூட்டிப் புகையைப் பார்த்தவர்கள் உண்டு. அடுத்தபடி, எந்தத் திருகு எந்தத் துளையைச் சேர்ந்தது என்று தெரியும்படி ஓர் அட்டையில் டாஷ்போர்டின் உருவத்தை வரைந்து, கழற்றிய திருகுகளை அந்தந்த இடத்திலேயே குத்திவைத்தார். ஸ்பானர்கள் அங்குலக் கணக்கைச் சேர்ந்தவை. மில்லிமீட்டர் ஸ்பானரைக் கொண்டு முயன்றால் நட்டின் மூலை உருண்டுவிடும். பிறகு உளியைத் தவிர வேறு கதி இல்லை. சில குமிழ்களைத் திருகவும் முடியாது, இழுக்கவும் முடியாது. அவற்றின் கழுத்தில் ஒரு சிறு துளை இருக்கும். அதற்குள் ஊசியை விட்டு உள்ளேயிருக்கும் சிறு முளையை அமுக்கினால் கையோடு வந்துவிடும். இதைத் தெரியாதவர்கள் குறடு போட்டு உடைத்த குமிழ்களுக்கு அளவில்லை.

எல்லாவற்றிலும் பயந்து செய்ய வேண்டிய இடம், எஞ்சினின் உஷ்ணத்தைக் காட்டும் கடிகாரம். இத்தகைய வண்டிகள் பலவற்றில் அது மின்சாரத்தால் ஓடுவதல்ல. எஞ்சினில் செருகிய ஒரு குமிழியிலிருந்து மயிரிழைபோன்ற செப்புக் குழாய் ஒன்று கடிகாரம் வரை வருகிறது. உள்ளே ஈதர் அடைத்திருக்கிறது. குமிழி சூடேறினால் ஈதரின் ஆவி அழுத்தம் ஏறி ஊசியை நகர்த்துகிறது. அந்தக் குழாய் ஒரு தடவை முறிந்தால் கடிகாரம் செத்தது. கம்பி என்று எண்ணி வெட்டியவர்களும் உண்டாம். மேஸ்திரி கடிகாரத்தைக் குழாயோடு சேர்த்துத் துணியில் சுற்றி, கைக்குழந்தையை ஏணையில் இடுவதுபோல் ஸ்டீரிங்கின் கீழ்த் தொங்கவிட்டார். அருகிலிருந்தவர் ஒருவரும் அதன் பக்கம் முழங்கையைக் கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவாயிற்று.

பிறகு கம்பிகள். துணி பின்னிய பழைய உறைகள். தொட்ட இடத்தில் உதிர்ந்தன. ஆனால் அழுக்கைத் துடைத்தால் நிறம் தெரிந்தது. அந்நாட்டு லூகாஸ் கம்பெனி ஏற்படுத்திய நிற ஒழுங்கு இன்றைக்கும் அப்படியே உதவுகிறது. பேட்டரியிலிருந்து நேரே வருவது பழுப்பு. சாவியைத் திருப்பினால் உயிர் பெறுவது வெள்ளை. அதுவே பியூஸைக் கடந்தபின் பச்சை. பெரிய விளக்குக்கு நீலம். சிறு விளக்குக்குச் சிவப்பு. உடலோடு சேர்வது கறுப்பு. இதைத் தெரிந்துகொண்டவருக்கு அந்தக் கம்பிக் காடு அரை மணி நேரத்தில் ஊர்த் தெருவாகிவிடுகிறது. நடுநடுவே எந்த ஒழுங்குக்கும் அடங்காத மஞ்சள் கம்பிகள் சில இருந்தன. அவை நம் ஊர்க் கைவேலை. ஒன்று ஹாரனுக்கு, ஒன்று எப்போதோ இருந்த ஒரு மின்விசிறிக்கு, ஒன்று எங்குமே போகவில்லை.

மத்தியானத்துக்குள் டாஷ்போர்டு வெளியே வந்து கயிற்றுக் கட்டிலின் மேல் படுத்துக்கொண்டது. ஹீட்டரின் கட்டுப்பாடு கண்ணுக்குத் தெரிந்தது. மேஸ்திரி கேபிளை இரண்டு விரலால் வளைத்துப் பார்த்தார், சிரித்தார்.

“ஸ்கூட்டர் கிளச் கேபிளுங்க.”

விஷயம் விளங்கிற்று. எந்தக் காலத்திலோ பழைய கேபிள் அறுந்திருக்கிறது. யாரோ ஒருவர் கடையில் சுலபமாகக் கிடைத்த ஸ்கூட்டர் கேபிளை அளவுக்கு வெட்டிப் பூட்டியிருக்கிறார். கிளச் கேபிளின் உள்ளே இருப்பது பல மெல்லிய இழைகளை முறுக்கிய கம்பி. அது கயிற்றைப் போன்றது, இழுக்கும், தள்ளாது. ஸ்கூட்டரில் இழுத்தாலே போதும்; விட்டவுடன் சுருள்வில் தானே பின்னுக்குக் கொண்டுபோய்விடும். இந்த ஹீட்டர் வால்வுக்கோ சுருள்வில் கிடையாது. திறப்பதற்கு இழுக்க வேண்டும், மூடுவதற்குத் தள்ள வேண்டும். அதற்கு ஒற்றைக் கம்பி, அதுவும் விறைப்பான எஃகுக் கம்பி வேண்டும். கிணற்று வாளியைக் கயிற்றால் மேலே இழுக்கலாம்; அதே கயிற்றால் வாளியைக் கீழே அமுக்க முடியுமா? மூன்று கோடைக் காலத்து வேதனையும், குடும்பத்தில் இரண்டு மாதத்து மௌனமும், இழுப்புக்கும் தள்ளுக்கும் உள்ள வித்தியாசத்தில் அடங்கியிருந்தன.

விறைப்புக் கம்பிக்கு நாமக்கல்லில் பஞ்சமில்லை. பழைய டீசல் லாரிகளில் எஞ்சினை நிறுத்துவதற்கு இழுக்கும் ஸ்டாப் கேபிள் ஒன்று உண்டு. இழுத்தபின் தள்ளித் திரும்ப வைக்க வேண்டியதானபடியால் அதற்குள் இருப்பது ஒற்றைக் கம்பி. பையன் தெருமுனைக் கடைக்குப் போய் லேலண்டு லாரிக்கு விற்கும் ஸ்டாப் கேபிள் ஒன்று வாங்கிவந்தான். எண்ணூரில் ஆஸ்டின் பூட்டிய கம்பெனியின் கதையை அப்போதுதான் அவனுக்குச் சொன்னோம். அவன் தன் கையிலிருந்த கேபிளை ஒரு தடவை திருப்பிப் பார்த்தான்.

வால்வும் சும்மா இருக்கவில்லை. பாதி திறந்த நிலையிலேயே வெள்ளைக் காறை பிடித்து இறுகியிருந்தது. எங்கள் பக்கத்து ஆழ்குழாய் நீரைக் காய்ச்சுகிற பாத்திரத்தின் அடியில் எது படிகிறதோ அதுவேதான். அதைச் சுரண்டித் தேய்த்து உட்கார வைப்பதற்கு அரை நாள் பிடித்தது. குட்டி ரேடியேட்டரைக் கழற்றி ரேடியேட்டர் கடைக்கு அனுப்பினார்கள். ஒரு வாயை அடைத்து மறு வாயில் காற்றை ஊதித் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தியபோது ஓர் ஓரத்தில் குமிழி எழுந்தது. ஈயம் வைத்து அடைத்தார்கள். அந்த ஓட்டை இன்னும் ஒரு வருஷத்தில் பெரிதாகி ஓட்டுகிறவர் காலின் மேல் வெந்நீரைக் கொட்டியிருக்கும் என்றார்கள். அரை மணி வேலையோடு குழாயைச் சேர்த்துவிடுவதிலும் இந்த ஆபத்து நீங்கியிருக்கும் என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். சமவெளியை விட்டு ஒருநாளும் மேலே ஏறாத வண்டிக்கு அந்த வழியைப் பின்பற்றினால் நாம் குறை சொல்லமாட்டோம். கழற்றிய சாமானைப் பழைய பித்தளைக்குப் போடாமல் பரணில் வைத்தால் போதும்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்ட மூன்றாம் நாள் மாலையாயிற்று. அட்டையில் குத்தியிருந்த திருகுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடிகாரத்தின் ஊசி உயிரோடிருந்தது. நண்பர் நெம்புகோலைத் தள்ளினார். வால்வின் பக்கம் நின்ற குமாரன், “மூடிடுச்சுப்பா” என்றான். அப்பாவும் பிள்ளையும் அதையே நாலைந்து தடவை செய்து பார்த்தார்கள். மேஸ்திரி டீ சொல்லி அனுப்பினார்.

இத்தகைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு அவர் சொன்ன இரண்டு விஷயங்களையும் எழுதிவிடுகிறோம். ரேடியேட்டரில் ஆழ்குழாய் நீரை ஊற்றக் கூடாது. காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். அதோடு கடையில் விற்கும் கூலண்டைக் கலந்தால் துருவும் குறையும். ஆனால் அந்தக் கூலண்டில் பெரும்பாலும் இருக்கும் கிளைக்கால் இனிப்பான விஷம். சிந்தியதை உடனே கழுவிவிட வேண்டும். குழந்தையும் நாயும் எட்டாத இடத்தில் டப்பாவை வைக்க வேண்டும். மற்றொன்று, கோடையானாலும் மாரியானாலும் மாதம் ஒரு முறை ஹீட்டர் நெம்புகோலை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நகர்த்தி, வால்வு முழுவதும் திறந்து மூடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். விடியற்காலையில், வண்டி வெயிலுக்கு வருவதற்கு முன் செய்வது உத்தமம்.